விமானமே ஓட்டாதவர் விமானிக்குப் பாடம் எடுக்கலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. அமெரிக்காவில் ஒரு சின்ன ஃப்ளையிங் ஸ்கூலில் பிரைவேட் பைலட் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறீர்கள். அங்கே தியரி வகுப்பு எடுப்பவர் 'கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர்'. அவரிடம் பைலட் உரிமமே இல்லை என்பது போன வாரம்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மணிக்கணக்குப் போட்டு அவருக்குக் காசு கொடுக்கிறீர்கள், ஆன்லைன் வீடியோ கோர்ஸ் அதைவிட மலிவாகக் கிடைக்கிறது, லாக்புக்கில் (பயிற்சிக் குறிப்பேட்டில்) அவர் போடும் கையெழுத்து செல்லுமா என்று கேட்கிறீர்கள். கையெழுத்தைப் பற்றிக் கேட்டாலும், 'தானே ஓட்டாத ஒருவரை நம்பி நான் ஏன் கற்க வேண்டும்' என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று படிக்கும்போதே தெரிகிறது. சட்டம் ஒன்று, நம்பிக்கை ஒன்று. சட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். நம்பிக்கையைப் பற்றி நான் சொல்லப்போவது பல வருடங்கள் இந்த வகுப்புகளை எடுத்ததில் வந்த அபிப்பிராயம், அவ்வளவுதான். நான் அட்வான்ஸ்டு, இன்ஸ்ட்ருமென்ட் இரண்டு ரேட்டிங்கும் (தகுதிப் பிரிவுகள்) உள்ள கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர். சொந்தமாக ஓட்டவும் செய்கிறேன், ஆனால் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் இல்லை, தேர்வு நடத்தும் எக்ஸாமினரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் சட்டம். கையெழுத்து செல்லும். எஃப்.ஏ.ஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பு) விதிகளில், விமானிகள், பயிற்றுநர்கள் சான்றிதழ் பற்றிய பகுதியான பார்ட் 61 'அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநர்' என்று யாரைச் சொல்கிறதோ அந்த வரையறைக்குள்ளேயே கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டரும் வருகிறார், தன் ரேட்டிங்குக்கு உட்பட்ட தரைப் பயிற்சியைக் கொடுக்கும் வரைக்கும். ரேட்டிங் மூன்று. பேசிக் இருந்தால் ஸ்போர்ட், ரெக்ரியேஷனல், பிரைவேட் ஆகிய மூன்றுக்கும் தேவையான பாடங்களை எடுக்கலாம், எழுத்துத் தேர்வுக்குத் தயார் என்று என்டார்ஸ்மென்ட் (கையெழுத்திட்ட ஒப்புதல் குறிப்பு) போடலாம். அட்வான்ஸ்டு இருந்தால் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங் (வெளியே பார்க்காமல் கருவிகளை வைத்தே பறக்கும் தகுதி) நீங்கலாக மற்ற எல்லாவற்றுக்கும் எடுக்கலாம். இன்ஸ்ட்ருமென்ட் பாடங்களுக்கென்று தனி ரேட்டிங். அட்வான்ஸ்டுக்குப் பேசிக் முன்தகுதி இல்லை என்பதால் விவரம் தெரிந்தவர்கள் நேரே அட்வான்ஸ்டு எழுதிவிடுவார்கள். பேசிக் மட்டும் வைத்திருப்பவரை நான் அரிதாகத்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சான்றிதழ் வாங்க என்ன வேண்டும் என்று தெரிந்துகொண்டால் உங்கள் சந்தேகம் எவ்வளவு நியாயம் என்பதும் புரியும். 18 வயது ஆகியிருக்க வேண்டும், ஆங்கிலம் படிக்க, பேச, எழுத, புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும், கற்பித்தல் அடிப்படைகள் பற்றி ஒரு தேர்வு, ரேட்டிங்குக்குரிய பாடத்தில் ஒரு தேர்வு, இரண்டும் கொள்குறி வகை. அவ்வளவுதான். பைலட் உரிமம் தேவையில்லை, மெடிக்கல் (உடல்தகுதிச் சான்று) தேவையில்லை, ஒரு மணி நேரம்கூடப் பறந்திருக்க வேண்டியதில்லை. செய்முறைத் தேர்வும் கிடையாது, அதாவது அவர் ஒரு வகுப்பு எடுத்து அதை யாரும் உட்கார்ந்து பார்த்து 'சரி, இவருக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரிகிறது' என்று தீர்மானிப்பது என்ற கட்டமே இதில் இல்லை. ஏழாம் வகுப்போ அதற்கு மேலோ கற்பிக்க அரசுச் சான்று பெற்ற பள்ளி ஆசிரியர், அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பணியாற்றும் ஆசிரியர் இவர்களுக்குக் கற்பித்தல் தேர்விலிருந்தும் விலக்கு உண்டு.

ஆக அந்தச் சான்றிதழ் உங்களுக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: இவர் இந்தப் பாடங்களில் ஒரு தேர்வு எழுதித் தேறியவர். நன்றாகச் சொல்லிக்கொடுப்பார் என்று அது சொல்லவில்லை. இதை ஒளித்துவைக்க எனக்குக் காரணமில்லை, நானும் அந்த வாசல் வழியாக வந்தவன்தான். அதனால் 'பைலட் இல்லையே' என்பதைவிட 'கேள்வி கேட்கத் தெரிந்தவரா' என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும். இதைக் கீழே விளக்குகிறேன்.

சான்றிதழ் பற்றி இன்னும் ஒன்று. அதில் காலாவதித் தேதி இருக்காது, ஆனால் எப்போதோ வாங்கி அலமாரியில் வைத்ததைத் தூசிதட்டி எடுத்துக் கையெழுத்துப் போடவும் முடியாது. கடந்த 12 மாதங்களுக்குள் பயிற்றுநராக வேலை செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர்களுக்கான அங்கீகரிக்கப்பட்ட புத்தாக்கப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், அதுவும் இல்லாவிட்டால் இன்னொரு பயிற்றுநரிடம் தன் அறிவைக் காட்டி என்டார்ஸ்மென்ட் வாங்கியிருக்க வேண்டும். உங்கள் பள்ளிக்காரர் தினமும் வகுப்பெடுப்பவர் என்பதால் இதில் சிக்கல் இருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை. ஒழுங்கான ஆள் கோபித்துக்கொள்ள மாட்டார். எஃப்.ஏ.ஏ-வின் பொதுத் தேடல் பக்கத்திலும் பெயரைப் போட்டுப் பார்க்கலாம்.

அவரால் முடியாதவையும் இருக்கின்றன. விமானத்தில் உட்கார்ந்து அவர் கொடுக்கும் எந்தப் பயிற்சியும் உங்கள் பறக்கும் மணிக்கணக்கில் சேராது. நீங்கள் சோலோ போக, அதாவது தனியாக ஓட்டிப் போக, அனுமதித்துக் கையெழுத்துப் போட முடியாது. செக்ரைடுக்கு, அதாவது உரிமத்துக்கான இறுதிச் செய்முறைத் தேர்வுக்கு, பரிந்துரைக்க முடியாது. உரிமம் வந்த பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நீங்கள் செய்ய வேண்டிய ஃப்ளைட் ரிவ்யூவில் குறைந்தது ஒரு மணி நேரம் தரைப் பயிற்சி, ஒரு மணி நேரம் பறக்கும் பயிற்சி உண்டு, அதில் தரைப் பகுதியை அவர் எடுக்கலாம், ஆனால் ரிவ்யூ முடிந்தது என்று முடித்துவைப்பது ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர்தான். சோலோவுக்கு முன்னால் ஒரு எழுத்துத் தேர்வு இருக்கிறதே, அதை உங்களைத் தனியாக அனுப்பப்போகும் இன்ஸ்ட்ரக்டரே வைத்து, தப்பான விடைகளை உங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அதை வேறு யாரிடமும் தள்ளிவிடுவது எனக்குப் பிடிக்காது, தள்ளினால் நீங்களே மறுத்துவிடுங்கள்.

சரி, இப்போது உங்களை உறுத்தும் விஷயத்துக்கு வருவோம். ஆன்லைன் கோர்ஸே போதுமே, எதற்கு ஒரு ஆள்? எழுத்துத் தேர்வில் தேறுவது மட்டும் நோக்கம் என்றால், போதும். விதியே 'தரைப் பயிற்சி அல்லது வீட்டிலிருந்து படிக்கும் கோர்ஸ்' என்றுதான் சொல்கிறது. 60 கேள்வி, 70 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி. கேள்வி வங்கிகளை நெட்டுருப் போட்டு 90-க்கு மேல் எடுப்பவர்கள் நிறைய. சிக்கல் அதற்குப் பிறகு வருகிறது. செக்ரைடு அன்றைக்கு விமானத்தைத் தொடுவதற்கு முன் ஓரல் (வாய்மொழித் தேர்வு) இருக்கிறது, எதிரே உட்காரும் எக்ஸாமினர் நான்கு விடைகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்று கேட்க மாட்டார். உங்கள் எழுத்துத் தேர்வு அறிக்கையில் எந்தெந்தப் பகுதியில் தப்புச் செய்தீர்கள் என்பதற்குக் குறியீடுகள் இருக்கும், அவற்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பார், அப்புறம் 'இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு மனைவியையும் இரண்டு பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போகிறீர்கள்' என்கிற மாதிரி ஒரு சூழ்நிலையைக் கொடுத்து அதிலேயே சுற்றிச் சுற்றிக் கேட்பார். 2016-இல் பழைய செய்முறைத் தேர்வுத் தரங்களுக்குப் பதிலாக இப்போதைய தரநிலைகள் வந்ததிலிருந்து அறிவு, அபாயக் கணிப்பு, திறமை மூன்றும் ஒவ்வொரு பணியிலும் சேர்ந்தே சோதிக்கப்படுகின்றன. தரநிலையைத் திறந்து ஒரே ஒரு பணியைப் படித்துப் பாருங்கள், நெட்டுரு எங்கே உதவாது என்று நீங்களே கண்டுபிடிப்பீர்கள்.

ஒரு உதாரணம் சொல்கிறேன், இது நான் எல்லா மாணவர்களிடமும் கேட்பது. 60 டிகிரி சாய்த்துத் திரும்பினால் ஸ்டால் வேகம், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும் வேகம், என்ன ஆகும்? வீடியோ பார்த்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: சுமைக் காரணி (இறக்கை தாங்கும் சுமை எடையைப் போல எத்தனை மடங்கு என்பது) 2, ஸ்டால் வேகம் 1.41 மடங்கு, 50 நாட் (மணிக்கு 50 கடல் மைல்) வேகத்தில் ஸ்டால் ஆகும் விமானம் சுமார் 71 நாட் வேகத்திலேயே ஆகும். சரியான விடை. அடுத்து கேட்பேன்: உயரத்தைத் தக்கவைக்காமல், மூக்கு கீழே போகட்டும் என்று விட்டுவிட்டால் அப்போதும் 2-ஆ? இங்கே பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். அந்த 2 என்பது உயரம் மாறாத திருப்பத்துக்கான கணக்கு. கட்டுப்பாட்டுக் கோலைப் பின்னால் இழுக்காவிட்டால் சுமை அப்படி ஏறாது. இறக்கை ஸ்டால் ஆவதற்குக் காரணம் வேகம் குறைவது அல்ல, காற்றைச் சந்திக்கும் கோணம் எல்லையைத் தாண்டுவது. இது புரிந்த பிறகு மூன்றாவது கேள்வி: தரையிறங்கும் சுற்றில் கடைசித் திருப்பத்தில் ரன்வேயைக் கொஞ்சம் தாண்டிப் போய்விட்டீர்கள், பின்காற்று தள்ளுகிறது, என்ன செய்யத் தோன்றும், அதில் எது ஆளைக் கொல்லும்? இன்னும் சாய்ப்பதும், மூக்கு கீழே போவதைப் பார்த்து இழுப்பதும், ரட்டரை (வால் சுக்கானை) உள்பக்கம் மிதித்து மூக்கைத் திருப்பப் பார்ப்பதும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று மாணவரே படிப்படியாகச் சொல்லி முடிக்கும்போது அவர் முகத்தில் தெரியும் மாற்றத்தை எந்த வீடியோவாலும் கொண்டுவர முடியாது. வீடியோ உங்கள் விடையைக் கேட்டு அடுத்த கேள்வியை மாற்றுவதில்லை.

கற்பித்தல் தேர்வுக்கு நாங்கள் படிக்கும் பாடத்தில் கற்றலை நான்கு நிலைகளாகச் சொல்வார்கள்: மனப்பாடம், புரிதல், பயன்படுத்தல், தொடர்புபடுத்தல். மேலே சொன்ன முதல் விடை மனப்பாடம், மூன்றாவது கேள்விக்கான விடை தொடர்புபடுத்தல். கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டரின் வேலை என்னைப் பொறுத்தவரை உங்களை முதலாவதிலிருந்து நான்காவதுக்கு நகர்த்துவது. விமானத்துக்குள் இது நடக்காது. இன்ஜின் சத்தம், ரேடியோ, உயரத்தைப் பிடிக்க முடியாத தவிப்பு, நிமிடத்துக்கு நிமிடம் ஏறும் வாடகை இதற்கெல்லாம் நடுவில் ஒருவர் சுமைக் காரணியை விளக்கினால் உங்கள் தலையில் என்ன ஏறும்? அதைத் தரையில், இன்ஜின் ஓடாத இடத்தில், முட்டாள்தனமான கேள்வி என்று நீங்கள் நினைப்பதையும் கேட்கக்கூடிய இடத்தில் முடித்துவிட வேண்டும்.

அப்படியானால் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டரே தரைப் பாடத்தையும் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுக்கலாம், அவருக்கு அந்த உரிமை உண்டு, நல்லவர்கள் எடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் நடைமுறை வேறு. அமெரிக்காவில் இளம் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர்களில் பெரும்பாலோர் ஏர்லைனுக்குப் போக 1500 மணி நேரத்தைச் சேர்த்துக்கொண்டிருப்பவர்கள். உங்களோடு மேசையில் உட்காரும் நேரம் அவர்களுடைய லாக்புக்கில் பறந்த நேரமாக ஏறாது. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, அவர்கள் நிலைமை அப்படி. விளைவு என்னவென்றால் வானிலை கெட்ட நாளில்தான் தரைப் பாடம் நடக்கும், வானம் தெளிந்த நாளில் தள்ளிப்போகும். பார்ட் 61-இன் கீழ் பிரைவேட் பைலட்டுக்குப் பறக்கக் குறைந்தது 40 மணி நேரம் என்று எண் இருக்கிறது, தரைப் பயிற்சிக்கு எண்ணே இல்லை. எண் இல்லாததை எல்லோரும் குறைத்துக்கொள்வார்கள். எஃப்.ஏ.ஏ அங்கீகரித்த பாடத்திட்டப்படி நடக்கும் பார்ட் 141 பள்ளிகளில் அப்படி இல்லை, பிரைவேட் கோர்ஸுக்கு 35 மணி நேரத் தரைப் பயிற்சி பாடத்திட்டத்திலேயே கட்டாயம். அங்கே கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் வகுப்பறையையே நடத்துபவர். உங்களுடையது பார்ட் 61 பள்ளி என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியொரு சின்னப் பள்ளி தரைப் பாடத்துக்கென்று தனியாக ஆள் வைத்திருப்பதே நல்ல அறிகுறி என்று நான் எடுத்துக்கொள்வேன்.

பறக்காதவர் என்பதால் எங்கே பலவீனம் இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மைல் பார்வைத் தூரம் என்பதைக் காகிதத்தில் விளக்குவார், விண்ட்ஷீல்டு வழியாகப் பார்த்தால் அது எவ்வளவு பயமாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. ரேடியோவில் என்ன பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார், பேசிக்கொண்டே இறங்கும்போது கை எதை மறக்கும் என்று தெரியாது. தரையிறங்கும்போது வேகத்தைப் பிட்ச் (மூக்கின் ஏற்ற இறக்கம்) வைத்துப் பிடிப்பதா பவர் வைத்துப் பிடிப்பதா என்கிற மாதிரி நுட்ப விவாதங்களில் அவர் தீர்ப்புச் சொன்னால் காதில் வாங்காதீர்கள், அங்கே உங்கள் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் சொல்வதும் அந்த விமானத்தின் கையேட்டில் இருப்பதும்தான் கணக்கு. இரண்டு பேரும் ஒரே விஷயத்தை வெவ்வேறு மாதிரி சொல்லிக் குழம்புவது இந்த ஏற்பாட்டில் உண்மையாகவே நடக்கக்கூடியது. ஒரே பாடத்திட்டத்தை இருவரும் கையில் வைத்திருக்கிறார்களா, போன வகுப்பில் எது முடிந்தது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தத் தூது வேலையை நீங்களே செய்ய வேண்டியிருக்கும், லாக்புக்கில் தரைப் பாடத்தின் தலைப்புகளை விரிவாக எழுதச் சொல்வது அதற்கு எளிய வழி.

பலமும் இருக்கிறது. பறக்காத கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர்கள் வெறும் புத்தகப் புழுக்களாகத்தான் இருப்பார்கள் என்று நினைக்காதீர்கள். வானிலை ஆய்வாளர்கள், விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்கள், மெக்கானிக்குகள், பௌதிகம் எடுத்த பள்ளி ஆசிரியர்கள், மெடிக்கல் போனதால் பறப்பதை நிறுத்திய பழைய விமானிகள் என்று பலதரப்பட்டவர்கள் இந்தச் சான்றிதழை வாங்குகிறார்கள். கார்புரேட்டரில் ஏன் வெயில் நாளிலும் பனி பிடிக்கும் என்பதைக் கழற்றி மாட்டிய ஆளிடம் கேட்பது மாதிரி வராது. உங்கள் ஆசிரியர் முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை.

அவர் நல்லவரா என்று இரண்டு வகுப்பில் கண்டுபிடித்துவிடலாம். உயரமான, சூடான இடத்தில் டேக்ஆஃப் செய்வதைப் பற்றிப் பாடம் கேளுங்கள். 5000 அடி அழுத்த உயரத்தில் (காற்றழுத்தத்தை வைத்துக் கணிக்கும் உயரம்) இயல்பு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸ், அன்றைக்கு 30 டிகிரி என்றால் அடர்த்தி உயரம் (காற்று மெலிந்திருப்பதால் விமானத்துக்கு எந்த உயரம் போல இருக்கும் என்பது) ஏறக்குறைய 8000 அடி. இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவினால் அவர் தேர்வுக்குத் தயார் செய்பவர். 'வேகமானி எப்போதும் காட்டும் அதே எண்ணில் கிளம்பப்போகிறாய், பிறகு ஏன் ஓடுதளம் அதிகம் வேண்டும்' என்று திருப்பிக் கேட்டு, காற்று மெலிந்திருப்பதால் அதே எண்ணுக்கு உண்மையான வேகம் அதிகம், போதாததற்கு இன்ஜினும் ப்ரொப்பெல்லரும் சோர்ந்திருக்கும் என்று உங்களைச் சொல்லவைத்து, கையேட்டின் அட்டவணையைத் திறந்து உங்கள் எடைக்குத் தூரம் பார்க்கச் சொல்லி, அந்த எண் புது விமானத்தில் சோதனை விமானி எடுத்தது, நீ எவ்வளவு கூட்டிக்கொள்வாய் என்று கேட்டால், அவரை விட்டுவிடாதீர்கள். அவர் வாழ்நாளில் பறந்திருக்கிறாரா இல்லையா என்பது அதற்கப்புறம் பெரிதாகத் தோன்றாது.

இதனால் மொத்தச் செலவு குறையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். குறைகிறது என்பது என் அனுபவம். தரையில் தெளிவாக வருகிறவர்கள் ஒரே பாடத்தைத் திரும்பப் பறப்பது குறைவு. ஆனால் ஆர்வமாக வகுப்புக்கு வருகிறவர்கள் இயல்பாகவே வேகமாகக் கற்பவர்களாகவும் இருக்கலாம், அதனால் இதை நிரூபணம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் பிறகு இன்ஸ்ட்ரக்டர் ஆகும் எண்ணம் இருப்பதாக எழுதியிருந்ததால் சொல்கிறேன். இந்தச் சான்றிதழை நீங்களே சீக்கிரம் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அந்தத் தேர்வுகளுக்கு யாருடைய என்டார்ஸ்மென்டும் தேவையில்லை. கற்பித்தல் தேர்வை இதற்காக எழுதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால் ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டருக்கு மறுபடி எழுத வேண்டாம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: முதல்முறை ஃப்ளைட் இன்ஸ்ட்ரக்டர் ஆகப் போகிறவருக்குத் தரைப் பயிற்சி கொடுக்க வேண்டுமானால் பயிற்றுநர் சான்றிதழ் கையில் வந்து 24 மாதம் ஆகியிருக்க வேண்டும், 40 மணி நேரத் தரைப் பயிற்சியும் கொடுத்திருக்க வேண்டும் என்பது பொதுவான வழி. அந்தக் கணக்குக்கு உரிய ரேட்டிங் உள்ள கிரவுண்ட் இன்ஸ்ட்ரக்டர் சான்றிதழும் செல்லும் என்பதால், கடிகாரம் முன்கூட்டியே ஓட ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் இதற்குப் பார்ட் 143 என்று தனி விதித்தொகுப்பே இருந்தது, 1997-இல்தான் பார்ட் 61-க்குள் கொண்டுவந்தார்கள், பழைய ஆட்கள் இன்னும் அந்த எண்ணைச் சொல்வதைக் கேட்டால் குழம்ப வேண்டாம்.

உங்கள் நிலையில் நான் இருந்தால் இரண்டையும் வைத்துக்கொள்வேன். படிப்பதற்கு வீடியோ, வாரத்துக்கு ஒருமுறை அவரோடு கேள்வி பதில். வகுப்புக்குப் போகும்போது அவர் பாடம் நடத்தட்டும் என்று உட்காராமல் வீடியோவில் புரியாததை எழுதிக்கொண்டு போங்கள், காசு பாதியாகக் குறையும். எழுத்துத் தேர்வை ரொம்ப முன்னாலேயே எழுதிவிடாதீர்கள். அதன் முடிவு 24 மாதத்துக்குத்தான் செல்லும், வேலை, வானிலை, விமானம் பழுது என்று பறப்பது இழுத்துக்கொண்டே போய்க் கடைசியில் முதலிலிருந்து எழுதுகிறவர்களை வருடம் தவறாமல் பார்க்கிறேன். முதல் சோலோவை ஒட்டி எழுதினால் படித்ததும் பறப்பதும் ஒன்றோடொன்று சேர்ந்து வரும். அதற்கு முன் அவர் போடும் என்டார்ஸ்மென்டில் அவருடைய சான்றிதழ் எண்ணும் ரேட்டிங்கும் தேதியும் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.